முதலுதவிப் பையை ஒற்றைக் கையால் பிரித்துப் பாருங்கள்

வீட்டில் முதலுதவிப் பெட்டி இல்லாமல் அவதிப்பட்டவர்கள் எழுதியதைப் படித்திருப்பீர்கள். என் கதை கொஞ்சம் வேறு. என்னிடம் பெட்டி இருந்தது. ஆன்லைனில் 1,150 ரூபாய் கொடுத்து வாங்கிய சிவப்புப் பை. சமையலறை அலமாரியில், கை எட்டுகிற உயரத்தில், காலாவதியாகாத சாமான்களோடுதான் இருந்தது. அப்படியும் தேவைப்பட்ட ராத்திரியில் அது எனக்கு உருப்படியாக உதவவில்லை. ஏன் என்று யோசித்து, அந்தப் பையைப் பிரித்துப் போட்டு, நானே ஒன்று தைத்து, வீட்டிலும் காசி யாத்திரையிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, பிளவுஸ் தைப்பவள். மருந்து விஷயமாக இதில் வருவதெல்லாம் டாக்டர்களும் மருந்துக்கடைக்காரரும் எனக்குச் சொன்னவை. உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சியில் மாடி வீடு. கணவர் குவைத்தில், மகன் கோவையில் கல்லூரி விடுதியில். 2024 தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தையல்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை, மேசை முழுக்கத் துணி, ஒவ்வொன்றிலும் குத்திய அளவுச் சீட்டு. ராத்திரி பத்தரைக்கு மேல் பாத்திரம் கழுவினேன். காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் கையை விட்டுத் தேய்த்தபோது பாட்டில் சட்டென்று விண்டு, உடைந்த விளிம்பு வலது கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது. முதலில் வலி தெரியவே இல்லை. சிங்க்கில் ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் கால் நடுங்க ஆரம்பித்தது.

இடது கையால் பையை எடுத்தேன். ஜிப். ஜிப்பை இழுக்க ஒரு கை வேண்டும், பையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே பையை இடுக்கிக்கொண்டு எப்படியோ திறந்தேன். உள்ளே எல்லாமே சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில், ஓரம் உருக்கி ஒட்டியிருந்தது. ரத்தம் பட்ட உறை கையில் நிற்காமல் வழுக்குகிறது, பல்லால் கடித்தாலும் கிழியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். வலது கைக்காரர்களுக்குச் செய்த கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசாமல் விலகும், வெட்டாது. இது எனக்குத் தொழில் முறையில் தெரிந்த விஷயம், ஆனால் அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன்? டேப்பின் நுனி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விளம்பரத்தில் சொன்ன நாற்பது சாமான்களில் பாதிக்கு மேல் சின்ன பிளாஸ்டர்கள். அந்த வெட்டுக்கு அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சுலபமாகக் கையில் வந்தது பஞ்சுச் சுருள் மட்டும்தான். ஒரு கொத்தைப் பிய்த்து வெட்டின் மேல் வைத்தேன். அது நனைந்து உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் கொடியில் கிடந்த துவாலையைச் சுற்றி, இடது கையால் இறுக்கிப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டேன். அன்று செய்ததில் உருப்படியான காரியம் அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அடுத்தது போன். என் போன் திறப்பது வலது கட்டைவிரல் ரேகையில். அந்த விரல்தான் துவாலைக்குள் இருக்கிறது. நம்பர் போட்டுத் திறக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் போடாத நம்பர் பதற்றத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. இடையில் கணவர் வழக்கம்போல் கூப்பிட்டார். இடது கையை எடுத்தால் ரத்தம் வரும் என்று பயந்து மூக்கால் தேய்த்துப் பார்த்தேன். இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது அழுகைதான் வந்தது. பூட்டிய திரையிலேயே ‘அவசர அழைப்பு’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் ரேகையும் வேண்டாம், நம்பரும் வேண்டாம், 108 அல்லது 112 போடலாம் என்பதை மகன் மறுநாள் காட்டிக் கொடுத்தான். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் போனில் அது எங்கே இருக்கிறது என்று இப்போதே ஒருமுறை பாருங்கள். அதே இடத்தில் உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, கூப்பிட வேண்டிய உறவினர் எண் எல்லாம் பதிந்து வைக்கலாம். நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் மற்றவர் பார்க்க முடியும். இன்னொரு விரலின் ரேகையையும், முக்கியமாக மற்ற கையின் விரலை, சேர்த்து வைத்துவிடுங்கள்.

தலை சுற்ற ஆரம்பித்தது. உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றிய நேரத்தில் வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே மயங்கியிருந்தால் காலையில்தான் யாராவது கதவை உடைத்திருப்பார்கள். தோளால் முட்டி, முழங்கையால் தாழ்ப்பாளைத் தட்டி விலக்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கத்தினேன். தனியாக இருப்பவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை அழுத்திப் பிடித்தபடியே கதவைத் திறந்துவிட வேண்டும், அப்புறம் கீழே உட்கார வேண்டும் அல்லது படுத்துவிட வேண்டும், அப்புறம்தான் போன். நின்றபடியே மயங்கி விழுந்தால் கைக்காயத்தோடு தலைக்காயமும் சேர்ந்துகொள்ளும்.

கீழ்வீட்டு அக்கா ஓடிவந்தார். “ஏம்மா, இப்படியா ரத்தம் கொட்டும்? இரு, இரு” என்று சொல்லிக்கொண்டே கீழே போய்க் காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்துவிட்டார். வேண்டாம்க்கா என்று சொல்வதற்குள் துவாலையை விலக்கி ஒரு கை அள்ளி அப்பிவிட்டார். அவர் மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை. அந்த நேரத்தில் அவர் வந்ததே பெரிது, ஆட்டோ கூப்பிட்டதும் கூட வந்ததும் அவர்தான். ஆனால் காப்பித்தூளோ மஞ்சளோ, ஆழமான வெட்டில் எதையும் அப்பக்கூடாது. அது ரத்தத்தை நிறுத்துவதில்லை, அழுத்தம்தான் நிறுத்துகிறது. தூள் உள்ளே போய்த் தங்கிக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது, அதை எடுக்காமல் தையலும் போட முடியாது.

பக்கத்தில் இருந்த சின்ன மருத்துவமனைக்குப் போனோம். ராத்திரி தையல் போட ஆள் இல்லை என்று சொல்லி, மேலே ஒரு கட்டுக் கட்டி, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், கண்ணாடித் துண்டு உள்ளே இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். கட்டைவிரலை மடக்கச் சொல்லி, நுனியைத் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு, தசைநாணும் நரம்பும் தப்பித்தன என்றார்கள். கைக்காயத்தில் இந்தச் சோதனை முக்கியம். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அப்புறம் காப்பித்தூளையும் பஞ்சு இழைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஊசி போட்டு மரக்க வைத்திருந்தும் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆறு தையல், டெட்டனஸ் ஊசி, மாத்திரைகள். பில் 8,700 ரூபாய். கை வீங்கி மோதிரம் இறுக ஆரம்பித்திருந்ததால் அதையும் வெட்டி எடுத்தார்கள். கையிலோ விரலிலோ அடிபட்டால், சுட்டுக்கொண்டால், வீக்கம் வருமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். இது எனக்கு அதற்கு முன் யாரும் சொல்லாத விஷயம்.

பெரிய செலவு அது இல்லை. தீபாவளி ஆர்டர் எல்லாவற்றையும் தெரிந்த வேறொரு தையல்காரரிடம் கொடுத்து, வாங்கிய அட்வான்ஸைத் திருப்பி, அப்படிப் போனது 22,000 ரூபாய்க்கு மேல். கத்தரி பிடிக்கத் தைரியம் வர தை பிறந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தையலுக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் அங்கே காசு கிடையாது. ராத்திரியில் எந்தத் தனியார் இடத்தில் டாக்டர் இருப்பார் என்று ஊரைச் சுற்றுவதை விட நேரே அங்கே போவது மேல். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி நேரத்தில் தையல் போடும் இடம் எது என்று பகலில் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை விட அந்தத் தகவல் பெரிய உதவி.

கட்டுப் பிரித்த பிறகு அந்தச் சிவப்புப் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் நன்றாக இருக்கிற, வெளிச்சத்தில் நிதானமாக நிற்கிற, இன்னொருவருக்கு மருந்து போடுகிற ஆளுக்காகச் செய்த பை அது. தனியாக இருப்பவர் தனக்குத்தானே போட்டுக்கொள்வார், அதுவும் நடுங்குகிற கையால், என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சரி, துணியும் மிஷினும் நம்மிடம் இருக்கின்றன என்று நானே தைத்தேன். கெட்டியான வெளிர் நிறக் காடாத்துணி, மூன்று மடிப்பு, ஜிப்புக்குப் பதில் அகலமான வெல்க்ரோ. சுவர் ஆணியில் தொங்கும். கீழ் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் விரிந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எலாஸ்டிக் வளையங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், உருவினால் வரும். உள்பக்கம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், இருட்டிலும் சாமான் தெரியும். தைக்கத் தெரியாதவர்கள் அகலமான, மூடி தளர்வாக உள்ள பிளாஸ்டிக் டப்பா வைத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் வாங்கிய அன்றே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திறந்து, ஒரு கட்டுப் போட்டுப் பாருங்கள். பிறகு மற்ற கையால். எது தடுக்கிறது என்று அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதில் என்ன வைத்தேன் என்று கேட்பீர்கள். மேல் மடிப்பு முழுக்க ரத்தத்துக்கு. கிருமி நீக்கிய காஸ் (காயத்துக்கு வைக்கும் சல்லாத்துணி) துண்டுகள், பத்து சென்டிமீட்டர் அளவு. கனமான டிரஸ்ஸிங் பேட் இரண்டு. உறையின் ஓரத்தில் முன்கூட்டியே சின்னதாக ஒரு வெட்டுக் கொடுக்கலாமே என்று முதலில் நினைத்தேன், ஆனால் காற்றுப் பட்டால் கிருமி நீக்கியதற்கு அர்த்தமில்லை. அதனால் பேப்பர் ஓரத்தை இழுத்தால் பிரியும் உறையாகப் பார்த்து வாங்கினேன், கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கிரேப் பேண்டேஜ், நான்கு அங்குலம், இரண்டு. ஒரு நுனியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்ற முடிகிற கட்டு இது. அதோடு வரும் கொக்கியை ஒற்றைக் கையால் மாட்ட முடியாது, நுனியை உள்ளே செருகிவிட்டாலே நிற்கும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் பட்டை என்று ஒன்றும் கிடைக்கிறது, விலை கூட, ஆனால் தனியாக இருப்பவர்களுக்கு அதுதான் ராஜா. மைக்ரோபோர் டேப்பின் நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன், தேட வேண்டாம். ஒரு முக்கோணத் துணி, கையைக் கழுத்தில் தொங்கவிட. இதை வாங்கவே வேண்டாம், ஒரு மீட்டர் சதுர மல் துணியை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் இரண்டு கிடைக்கும். நுனி மழுங்கிய நல்ல கத்தரி, இடுக்கி, கையுறை, ஒரு சின்ன டார்ச். பஞ்சை வெளியே அனுப்பிவிட்டேன். காயத்தைச் சுற்றித் துடைக்கலாம், காயத்தின் மேல் வைக்கக் கூடாது.

ரத்தம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், மடித்த காஸை வைத்து நேராக அழுத்துவது, குறைந்தது பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது, தூக்கினால் உறைய ஆரம்பித்தது பிய்ந்து மறுபடி முதலில் இருந்து. நனைந்தால் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்தம். பெரிய கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல், அதன் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பீறிட்டு அடித்தாலோ, பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ 108. சின்னச் சிராய்ப்புக்கு ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும், அப்புறம் வேண்டுமானால் போவிடோன் அயோடின் களிம்பு. டெட்டாலை அப்படியே காயத்தில் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் எரிவதோடு நல்ல சதையையும் புண்ணாக்கும்.

நடு மடிப்பு சூட்டுக்காயத்துக்கு என்று நினைத்துத் தைத்தேன், இப்போது அதில் பெரும்பாலும் காலிதான். ஏனென்றால் சுட்டால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். சாதாரணத் தண்ணீர், ஓடுகிற தண்ணீர், இருபது நிமிடம். பேஸ்ட், இங்க், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். போன கோடையில் இஸ்திரிப் பெட்டி முழங்கையில் பட்டது. இருபது நிமிடம் குழாயடியில் நிற்பது பெரிய தண்டனை, ஐந்தாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். நின்றேன். அப்புறம் பாரஃபின் காஸ், அதாவது மெழுகுக் களிம்பு தோய்த்த சல்லாத்துணி, வைத்துத் தளர்வாகக் கட்டினேன், ஒட்டாமல் பிரிந்து வந்தது. கொப்புளத்தை உடைக்கவில்லை. உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்தாலோ, முகம், மூட்டு, மறைவிடம் என்றாலோ, குழந்தைக்கு என்றாலோ தண்ணீர் விட்ட பிறகு நேரே மருத்துவமனை.

கீழ் மடிப்பு மாத்திரை. இதில் எனக்குப் பெரிய புகார் ஒன்று உண்டு. கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள், காலாவதித் தேதி வெட்டிய மறுபாதியில் போய்விடுகிறது. ஒரு வருடம் கழித்து டப்பாவில் கிடக்கும் அந்தத் துண்டு என்ன மாத்திரை, எப்போது வரை நல்லது என்று யாருக்கும் தெரியாது. இப்போது முழு அட்டை வாங்குகிறேன், அல்லது தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குகிறேன், பயன்படுத்தும்போது தேதிக்கு எதிர்முனையிலிருந்து பிதுக்குகிறேன். பாரசிட்டமால் ஒன்றே போதும். டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் உள்ளே ஒரே மருந்துதான், பெயர் வேறு என்று ஒன்றின் மேல் ஒன்று போடக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது, பின்பக்கம் படித்துவிட்டுப் போடுங்கள். குழந்தை சிரப்பில் ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு வீரியம் வருகிறது, போன தடவை ஒரு ஸ்பூன் என்று இந்தத் தடவையும் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடலாம். குழந்தைக்கு அளவு எடையை வைத்துத்தான், அதை டாக்டரிடம் எழுதி வாங்கி பாட்டிலில் ஒட்டுங்கள். மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை எதையும் தானாகப் போட வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். அரிப்புக்கு செட்டிரிசின், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி), ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், அவ்வளவுதான். மீந்துபோன ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து வைப்பது வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு மேல் அலமாரியிலும், வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியிலும் மருந்து வைத்தால் தேதி இருந்தும் கெட்டுவிடும். அடிப்படைச் சாமான், மருந்து எல்லாம் சேர்ந்து எனக்கு ஆனது 900 ரூபாய்க்குள், துணி நீங்கலாக.

பயணத்துக்கு என்று தனியாக ஒரு சின்னப் பை தைத்தேன், இடுப்பில் கட்டுகிற மாதிரி. கும்பமேளாக் கூட்டம் வடிந்த பிறகு, 2025 பங்குனியில் அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். ரயிலில் பெரிய பெட்டிக்குள் வைத்த மருந்து வீட்டில் வைத்த மருந்துக்குச் சமம். பெட்டி கீழ் பெர்த்துக்கு அடியில், சங்கிலி போட்டு, அதன் மேல் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். பல்ஹார்ஷா தாண்டி நடு ராத்திரியில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. வெயில் காலம், அறுபத்தெட்டு வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். இடுப்புப் பையில் ஓ.ஆர்.எஸ். இருந்தது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதைப் பிரித்துக் கொஞ்சம் டம்ளரில் போடுவது தப்பு, உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை இழுக்கும். ரயிலுக்குத் தோதாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலிலேயே முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்கினேன். அம்மா அதைக் குடித்துப் பார்த்து “இது என்னடி உப்புக் கரிக்குது” என்று முகம் சுளித்தார். வாய் வாயாக, சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் கொடுத்தேன். கலக்கியதை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அதில் ஒரு எச்சரிக்கை. நிறுத்தத்தில் எதிர் சீட்டுத் தம்பி ஓடிப்போய் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெரிதாகப் போட்ட அட்டைப்பெட்டி ஜூஸ் வாங்கி வந்தார். இனிப்புப் பானம்தான் அது, வயிற்றுப்போக்கில் சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். நாங்கள் போய் வந்த பிறகு, 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் பொடியாகக் கிடைக்கும் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவு. போக்கை நிறுத்தும் மாத்திரையை உடனே போடும் அவசரம் வேண்டாம், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அது கெடுதல். விடியும்போதும் நிற்காததால் 139-க்குப் போன் செய்தேன். ரயிலில் மருத்துவ உதவி கேட்க அந்த எண்தான். அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டர் வந்து பார்த்து, நாடியும் அழுத்தமும் பரவாயில்லை, அதையே தொடருங்கள் என்றார். அந்த ஒரு ராத்திரி எனக்கு அந்த பாட்டில் வெட்டை விடப் பெரிய பயம். வலி எனக்கு என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

காசியில் இன்னொரு சிக்கல், அம்மாவின் அழுத்த மாத்திரை தீர்ந்தது. நம் ஊரில் வாங்கும் பிராண்ட் அங்கே இல்லை. நல்லவேளையாக மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அம்லோடிபின் 5 என்று காட்டியதும் கடைக்காரர் வேறு பிராண்டில் எடுத்துக் கொடுத்தார். மருத்துவச் சீட்டின் போட்டோவையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

படித்துறைப் பக்கம் குரங்குகள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கையில் பிரசாதப் பையைப் பிடுங்கியதில் நகம் கிழித்துவிட்டது. நாய்க்கடி மாதிரியேதான் இதுவும், ரேபிஸ் அபாயம் உண்டு. இதற்கு முதலுதவி சோப்பு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கட்டி மூடக் கூடாது, அன்றைக்கே ஊசி ஆரம்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆழமான கடி, ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள், அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். 0, 3, 7, 28 என்று நாள் போட்ட அட்டை தருவார்கள், தவணையை ஊர் திரும்பித் தொடரலாம், பாதியில் விடக் கூடாது. அந்தப் பெண் ‘லேசான கீறல்தானே’ என்று தயங்கினார், அம்மாதான் அதட்டி அனுப்பி வைத்தார். அதிலிருந்து பயணப் பையில் ஒரு சோப்பின் கால் துண்டு நிரந்தரமாக இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகிறவர்கள், எழுபது வளைவு ஏறிக் கொல்லிமலை போகிறவர்கள் வாந்தி மாத்திரையை மலை அடிவாரத்தில் போட்டால் பலன் இல்லை, கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும், ஓட்டுகிறவர் போடக் கூடாது.

மகனுக்கும் விடுதிக்கு ஒரு பை தைத்து அனுப்பினேன். போன விடுமுறைக்கு வந்தபோது பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டர் எல்லாம் காலி, கிரேப் பேண்டேஜ் இரண்டும் காணோம். பக்கத்து அறைப் பையன் கால்பந்தில் கணுக்காலைப் பிசகிக்கொண்டானாம், கொடுத்துவிட்டேன் என்றான். சரி, ஐஸை நேராக வைக்காமல் துணியில் சுற்றி வைத்தாயா, காலை உயர்த்தி வைக்கச் சொன்னாயா என்று கேட்டேன். “அதெல்லாம் வார்டன் பார்த்துக்கிட்டாரும்மா, கட்டு மட்டும் நான் போட்டேன், ஒரே கையால போட்டுக் காட்டினேன், எல்லாரும் சிரிச்சாங்க” என்றான். இந்த முறை கிரேப் நாலு வைத்து அனுப்பியிருக்கிறேன்.